கம்ப்யூட்டருக்கு மூன்று ஷிப்ட்

"அதுல கைய வெக்காத. அப்படியே பின்னால வா."

கட்டிலுக்கடியில் பாம்பைப் பார்த்தவரின் குரல் போல இருந்தது ஜான்பீட்டரின் குரல். மனைவி கிருபாராணி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு நீலப் பெட்டி வந்து நின்றிருந்தது. அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் 'அப்கிரேடு' என்ற சொல். கீழே பொடி எழுத்தில், இங்கிலீஷில், நாலைந்து வரிகள்.

"என்னாங்க போட்டிருக்குது?"

"என்னமோ போட்டிருக்கட்டும். அலாரம் வந்தா மொதல்ல அக்னாலஜ் பண்ணணும். மத்ததெல்லாம் அப்பறம்."

எட்டி, பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். பெட்டி மறைந்தது. ஜான்பீட்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். அங்கே மெஷினில் எண்ணெய் குறைந்தாலும், சூடு ஏறினாலும், கதவு சரியாக மூடாவிட்டாலும் அலாரம் அடிக்கும். திரையில் ஒரு செய்தி வரும். உடனே ஒரு பொத்தானை அழுத்தி, 'பார்த்துவிட்டேன்' என்று மெஷினுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் அக்னாலஜ் என்று பெயர். தெரிவித்ததும் சத்தம் நின்றுவிடும். செய்தி என்ன என்பதைப் பிறகு நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது முறை. பிறகு யாரும் படிப்பதில்லை என்பது பழக்கம். பல வருடம் அழுத்தியதில், ஜான்பீட்டரின் ஆள்காட்டி விரல் கண்ணைக் கேட்காமலேயே வேலை செய்யப் பழகியிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை இயக்கியது பத்தாம் நம்பர் சிஸ்டம். ஊரெல்லாம் பதினொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. இவர்களும் மாறியிருப்பார்கள். ஆனால் கிருபாராணி வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறாள். அதற்கான மென்பொருளைத் திருப்பூரில் ஒரு கம்பெனி விற்றது. மென்பொருளோடு கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாவியும் கொடுத்தது. கம்ப்யூட்டரின் முதுகில் அந்தச் சாவியைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, சாவி செய்தவரும் இல்லை. அந்தச் சாவியைப் பத்துக்குத் தெரியும். பதினொன்றுக்குத் தெரியாது.

இதை அவர்கள் சாமல்பட்டி ஜெயப்ரியாவிடமிருந்து தெரிந்துகொண்டார்கள். அவளும் அதே மென்பொருள் வைத்திருந்தவள். ஒருநாள் மதியம் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரில் பதினொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அவளுடைய மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது.

கிருபாராணியின் கையில் அப்போது இருந்தது சௌமியாவின் கல்யாண ரவிக்கை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சௌமியாவின் அப்பா கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜா பயிரிடுகிறவர் என்பதால், இரண்டு கையிலும் கொடியோடு ரோஜா வேண்டும் என்று சொல்லியிருந்தாள். துணியோ, கல்யாணப் பட்டுப்புடவையின் நுனியிலிருந்து வெட்டியது. அதில் இன்னொரு துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

எம்பிராய்டரி மெஷினுக்கு ரோஜா என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஊசியை இறக்கு, ஏற்று, துணியை இவ்வளவு இந்தப் பக்கம் நகர்த்து என்பதுதான். பக்கத்து அறையிலிருந்து ஒரு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் சொல்லி முடித்தால் ஒரு ரோஜா. நடுவில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு அப்கிரேடு ஆகப் போய்விட்டால், மெஷின் எந்த இதழில் நின்றோம் என்பதை மறந்துவிடும். மறுபடி ஆரம்பித்தால் இலை வந்து இதழின் மேல் உட்காரும். பட்டில் விழுந்த ஊசித்துளை பிறகு மூடாது.

"சௌமியா கை முடியற வரைக்கும் இது பத்துலியே நிக்கணும்," என்றாள் கிருபாராணி. "ஞாயித்துக்கெழம சாயந்தரம் பதினொண்ணு, பன்னெண்டு, எங்க வேணா போவட்டும்."

"நிக்க வெக்கறன்," என்றார் ஜான்பீட்டர். பிரேக் பிடிக்காத மெஷின்களையே நிறுத்தியவர் அவர்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மாதேஷுக்குப் போன் போட்டார்.

"மாதேஷு, நம்ம சிஸ்டத்துல அந்தப் பொட்டி வந்துருச்சுப்பா."

"என்னாண்ணா போட்டிருக்கு?"

"அப்கிரேடுன்னு போட்டிருக்கு."

"அதே தான்ணா. சிப்காட்டு ஆபீஸ் பூரா அதே தொல்லை. எனக்கு வந்து பாக்க நேரமில்ல. நீங்க மொதல்ல நெட்ட புடுங்கிடுங்க."

ஜான்பீட்டர் நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த நிமிடமே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா வெங்கடம்மாள். அந்த நெட்டில்தான் மாடியில் அவருடைய டிவியும் ஓடுகிறது.

"ஏப்பா பீட்டரு, என் கன்னட சீரியல்ல மாமியாருக்கு குடுக்கற பால்ல அந்த மருமவ என்னமோ கலக்குனா. அதோட நின்னுடுச்சு. வட்டமா சுத்திகினே இருக்குது. கலக்குனாளா, கலக்கலியா?"

"நெட்ட நான் தான்மா நிறுத்தியிருக்கறன். கம்ப்யூட்டரு பத்துலருந்து பதினொண்ணு போவப் பாக்குது."

"பத்து பாஸாயி பதினொண்ணு போனா நல்லது தானப்பா. புள்ள மேல போவறத எந்தத் தகப்பனாவது தடுப்பானா?"

"போனா நம்மள மறந்துடும்மா."

"அதெல்லாம் நாக்கு தெலீது, எனக்கு தெரியாது. உனக்கு நெட்டு வேணாம்னா எனக்கும் தண்ணி மோட்டாரு போடத் தோணாது."

நெட் திரும்பி வந்தது. ஜான்பீட்டர் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை மட்டும் பிடுங்கி வைத்தார். மறுநாள் காலையில் நீலப் பெட்டி மறுபடியும் வந்தது.

"நெட்டே இல்லியேப்பா, எப்படி வந்துச்சு?" என்று மாதேஷிடம் கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் பெருக்கல் குறியை அழுத்திவிட்டது.

"மொதல்லியே எறக்கி வயித்துல வெச்சிருக்கும்ணா. ஆனா அது பிரிஞ்சி ஏறணும்னா எடம் வேணும். டிஸ்க்ல எடம் இருக்குதா?"

"பாதி காலியா இருக்குது."

"அதான் ஏறப் பாக்குது. எடம் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

இது ஜான்பீட்டருக்கு உடனே புரிந்தது. புதிதாகக் குடிவருகிறவன் லாரியிலிருந்து சாமானை இறக்க ஒரு காலி அறை வேண்டும். அறை முழுக்க நாமே சாமானைப் போட்டு அடைத்துவிட்டால், அவன் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வீட்டிலிருந்த பெரிய சாமான் மகள் லிபியாவின் ஞானஸ்நான வீடியோ. அதை ஒரு பிரதி எடுத்தார். அந்தப் பிரதிக்கு ஒரு பிரதி எடுத்தார். டிஸ்க் நிரம்பித் திரையில் சிவப்புக் கோடு வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

காலேஜிலிருந்து வந்த லிபியா பார்த்தாள்.

"டாடி, இதுக்குள்ள நான் எத்தன வாட்டி ஞானஸ்நானம் எடுத்திருக்கன்?"

"எடம் ரொம்பற வரைக்கும்."

"பாஸ்டர் அங்கிளுக்கு தெரிஞ்சா என்னா சொல்லுவாரு?"

சிக்கல் பாஸ்டரிடமிருந்து வரவில்லை. கிருபாராணி இடது கைக்கான ரோஜாக்கொடியை அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, வலது கைக்கான டிசைனாகச் சேமிக்கப் பார்த்தாள். கம்ப்யூட்டர் இடமில்லை என்றது. அவள் ஒரு ஞானஸ்நானத்தை அழித்தாள். டிசைன் சேர்ந்தது. சாயங்காலம் ஜான்பீட்டர் வந்து பார்த்தார். காலியிடம் தெரிந்தது. ஒரு ஞானஸ்நானத்தைச் சேர்த்தார். காலையில் அவள் கொடியில் ஒரு மொட்டு கூட்டினாள். மறுபடி இடமில்லை. மறுபடி அழித்தாள்.

"நீ தொறந்து விடற, நான் அடைக்கறன். இப்படி எத்தன நாளைக்கி?" என்றார் ஜான்பீட்டர்.

"நீங்க அடைச்சா எனக்கு மூச்சு முட்டுதுங்க. வேற வழி பாருங்க."

வேற வழியை மாதேஷ் சொன்னான். "ஆக்டிவ் அவர்ஸ்னு ஒண்ணு இருக்குண்ணா. நம்ம வேலை நேரம் இதுன்னு அதுல போட்டு வெச்சிக்கலாம். அந்த நேரத்துல அது தானா ஆஃப் ஆவாது. வேலை முடிஞ்சப்பறம் தான் ஏறும்."

போனை வைத்துவிட்டு ஜான்பீட்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். தொழிற்சாலை போலத்தான். உற்பத்தி நேரத்தில் மெஷினைப் பிரித்துப் பழுதுபார்க்க விடமாட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும்தான் மெயின்டெனன்ஸுக்கு வழிவிடுவார்கள். அப்படியென்றால் ஷிப்ட் முடியாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்கு மணி தெரிவது அதன் மூலையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான். சாயங்காலம் ஆனதும் கடிகாரத்தைக் காலைக்குத் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் பொழுதே சாயவில்லை. வெளியே தெருவிளக்கு எரியும்போதும் உள்ளே கம்ப்யூட்டர் காலை டிபன் நேரத்தில் இருந்தது. நீலப் பெட்டி மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வந்த வேகத்தில் விரல் அதை மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் எம்பிராய்டரி மென்பொருள் திறக்க மறுத்தது.

அதன்மேல் குற்றமில்லை. இரவல் வாங்கிய மென்பொருளைக் கெடு தாண்டி ஓட்டுகிறவர்கள் செய்கிற தந்திரம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சாவிக்குள் சின்னதாக ஒரு காவல் வைத்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் பார்த்த கம்ப்யூட்டரில் இன்று நேற்றுக் காலை நடக்கிறது என்று தெரிந்ததும், அது கிருபாராணியைத் திருடியாக்கிக் கதவைச் சாத்திக்கொண்டது.

"பதினொண்ணு வந்தா சாவி தெரியாதுன்னு தான பயந்தோம்," என்றாள் கிருபாராணி. "இப்ப பத்துலியே சாவி நம்மள தெரியாதுங்குது."

கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பியதும் மென்பொருள் மனமிரங்கித் திறந்தது. அன்று பகலில் கிருபாராணி இடது கையை முடித்துவிட்டாள். ரோஜா ஒவ்வொன்றும் பறிக்கலாம் போல இருந்தது. வலது கை பாக்கி. ஆனால் கடிகாரம் சரியானதால், கம்ப்யூட்டருக்கு மறுபடியும் சாயங்காலம் என்ற ஆபத்து வந்துவிட்டது.

அன்று ஜான்பீட்டர் தொழிற்சாலையிலிருந்து ஒரு தீர்மானத்தோடு வந்தார். குடும்பத்தை உட்காரவைத்தார். வெங்கடம்மாளையும் கூப்பிட்டிருந்தார்.

"சும்மா கெடக்கற சிஸ்டத்துல தான் அது ஏறும். யாராவது மவுஸ ஆட்டிகிட்டே இருந்தா வேலை நடக்குதுன்னு நெனைச்சிக்கும். அதனால இன்னிலருந்து மூணு ஷிப்ட். ஏ ஷிப்ட் கிருபா. பி ஷிப்ட் லிபியா, காலேஜ்ல இருந்து நேரா பஞ்ச் பண்ணிடணும். சி ஷிப்ட் நான். விடியக்காலைல தண்ணி புடிக்க எழுந்திரிக்கறப்ப வெங்கடம்மா வந்து ஒரு ரிலீஃப் குடுத்தா, நான் டீ குடிச்சிக்குவன்."

"எனக்கு நெட்டு நிக்காதே?" என்று கேட்டார் வெங்கடம்மாள்.

"நிக்காதும்மா."

"அப்ப சரி. கலக்குனாளான்னு பாக்கணும்."

"ரூல் ரெண்டு தான்," என்றார் ஜான்பீட்டர். "ரிலீவர் வராம யாரும் எடத்த விட்டு எழுந்திரிக்கக் கூடாது. பொட்டி வந்தா உடனே அக்னாலஜ். நின்னு பாக்கக் கூடாது."

"டாடி, கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கே. ஒரு வாட்டி படிச்சா என்னா?"

"நீ படிச்சிகிட்டு நிக்கறப்ப அது ஏறிடும். பேசிகிட்டே பாக்கெட் அடிக்கறவன் மாதிரி அது."

ஒரு ஷிப்டிலிருந்து இன்னொரு ஷிப்டுக்குப் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதும் தொழிற்சாலை வழக்கம். ஜான்பீட்டர் அதையும் விடவில்லை. காலையில் வெங்கடம்மாள் எழுந்து நின்று, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கிருபாராணியிடம் சொல்வார்: "சிஸ்டம் ஓடுது. அலாரம் ஒரு வாட்டி. மூடிட்டன். வேற ஏமி லேது, ஒண்ணுமில்ல." கிருபாராணி, "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

ஏற்பாட்டில் ஒரே ஓட்டைதான் இருந்தது. ஏ ஷிப்டில் இருப்பவள்தான் எம்பிராய்டரி செய்யத் தெரிந்தவள். எம்பிராய்டரி மெஷினோ பக்கத்து அறையில். கம்ப்யூட்டரைக் காவல் காக்க உட்கார்ந்தால் ரவிக்கையைத் தொட முடியாது. சாயங்காலத்துக்கு மேல் மெஷினை ஓட்டினால் சீரியல் கேட்காது என்று வெங்கடம்மாள் முன்பே தடை போட்டிருந்தார். ரவிக்கைக்காகத்தான் கம்ப்யூட்டரைக் காப்பது. காப்பது நடந்தது. ரவிக்கை நடக்கவில்லை.

"என்னாங்க, என்னிய ரிலீவ் பண்ணுங்க. வலது கைய ஆரம்பிக்கணும்."

"எனக்கு கம்பெனில ஜெனரல் ஷிப்ட் இருக்குதே."

"அப்ப மவுஸ யாரு ஆட்டறது?"

அவள் சலித்துக்கொண்டு சொன்ன அந்தக் கேள்வியிலிருந்துதான் ஜான்பீட்டருக்கு மின்விசிறி யோசனை வந்தது.

மவுஸைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு கண். அந்தக் கண் கீழேயிருக்கும் மேசையை இடைவிடாமல் படமெடுத்துக்கொண்டே இருக்கும். முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால், தான் நகர்ந்துவிட்டதாகச் சொல்லும். நகர்த்துவது மனிதக் கைதானா என்று அது விசாரிப்பதில்லை. ஜான்பீட்டர் தலையாட்டும் மேசை மின்விசிறி ஒன்றை எடுத்து வைத்தார். அதன் தலையில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் மவுஸைக் கட்டினார். விசிறி இடதுபக்கம் திரும்பினால் மவுஸ் இழுபட்டது. வலதுபக்கம் திரும்பினால் பின்னாலிருந்து ஒரு ரப்பர்பேண்டு அதைத் திரும்ப இழுத்தது. திரையில் அம்புக்குறி வாட்ச்மேன் போல இங்குமங்கும் நடந்தது.

"கரண்ட் போனா விசிறி நின்னுடுமே," என்றாள் லிபியா.

ஜான்பீட்டர் அதற்கும் வழி வைத்தார். விசிறியையும் கம்ப்யூட்டரோடு சேர்த்து யூபிஎஸ்ஸில் செருகினார். பிறகு, யாராவது தெரியாமல் விசிறியை அணைத்துவிடக் கூடாதே என்று அதன் குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யூபிஎஸ்ஸையும் பிளக்குகளையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சிவப்புப் பூட்டு போட்டார். மெஷினுக்குள் ஆள் இறங்கி வேலைபார்க்கும்போது வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிடாமலிருக்கத் தொழிற்சாலையில் போடுகிற பூட்டு அது. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். பூட்டில் தொங்கிய சிவப்பு அட்டையில் 'ஆபத்து, தொடாதே' என்றிருந்தது. அதன் கீழே ஜான்பீட்டரின் போட்டோ, பெயர், துறை.

வெங்கடம்மாள் அந்தப் போட்டோவைக் கிட்டே வந்து பார்த்தார்.

"எல்லாம் சரிப்பா பீட்டரு. மால ஒண்ணு தான் போடல."

வெள்ளிக்கிழமை காலை ஜான்பீட்டர் நிம்மதியாக வேலைக்குப் போனார். விசிறி ஏ ஷிப்டைப் பார்த்துக்கொண்டது. விடுதலையான கிருபாராணி பக்கத்து அறையில் வலது கைத்துணியை வளையத்தில் மாட்டி, சுருக்கமில்லாமல் இழுத்து, திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. கரண்ட் போனது.

கம்ப்யூட்டர் மட்டும் இருந்தால் அந்த யூபிஎஸ் கரண்ட் வரும்வரை தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் விசிறியில் ஓடுவது மோட்டார். மோட்டார் நிறையத் தின்னும். யூபிஎஸ் சீக்கிரமே பெட்டிக்குள்ளிருந்து கத்த ஆரம்பித்தது. கிருபாராணி விசிறியை அணைக்க ஓடினாள். குமிழ் இல்லை. பிளக்கைப் பிடுங்கப் பார்த்தாள். பூட்டு.

போனில் கூப்பிட்டாள். "சாவி எங்கங்க?"

"என் பாக்கெட்ல."

"விசிறிக் குமிழு?"

"அதுவும் இங்க தான்."

"யூபிஎஸ் கத்துது."

"அக்னாலஜ் பண்ணு."

"பொட்டிக்குள்ள இருக்குதுங்க. எப்படிப் பண்றது? பூட்ட ஒடைக்கவா?"

"ஒடைக்காத, ஒடைக்காத. பூட்டுனவன் தான் தொறக்கணும். பர்மிஷன் போட்டுட்டு வரன்."

அவர் ராயக்கோட்டை ரோட்டுப் போக்குவரத்தைத் தாண்டி வந்து, ஹெல்மெட்டோடு ஓடிப் பெட்டியைத் திறந்தபோது, யூபிஎஸ் கடைசியாக ஒரு நீளமான கத்தல் கத்திவிட்டு அடங்கியது. விசிறி நின்றது. கம்ப்யூட்டர் கறுத்தது. உடனே கரண்ட் வந்தது.

மாடியிலிருந்து வெங்கடம்மாளும் இறங்கி வந்துவிட்டார். இனி கம்ப்யூட்டரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஜான்பீட்டர் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை. அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின.

"ஏறுது," என்றார் ஜான்பீட்டர்.

"ஏசப்பா, அந்தப் பொண்ணு கல்யாணம்பா," என்று கண்ணை மூடினாள் கிருபாராணி.

"என் சீரியல்ல சுத்துன மாதிரியே சுத்துது," என்றார் வெங்கடம்மாள். "நல்லதில்ல."

புள்ளிகள் நின்றன. திரையில் பழைய பச்சை மலையும் பழைய ஏரியும் வந்தன. ஜான்பீட்டர் எம்பிராய்டரி மென்பொருளைத் தொட்டார். திறந்தது.

"பத்து," என்றார். "பத்தே தான்."

"ஸ்தோத்திரம்," என்றாள் கிருபாராணி.

"பாத்தியா, பூட்டு போட்டதால தான் தப்பிச்சோம்," என்றார் ஜான்பீட்டர். எப்படி என்று கேட்க அங்கே யாருக்கும் தெம்பில்லை. ஆனால் மின்விசிறியை இனி நம்புவதில்லை என்று முடிவெடுத்தார். மனிதர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஷிப்டே மறுபடி வந்தது. வலது கை அப்படியே நின்றது.

சனிக்கிழமை காலை சௌமியா ரவிக்கை வாங்க வந்தாள். கையில் மருதாணி வைக்க வேண்டும், போச்சம்பள்ளியில் மண்டபத்துக்குச் சாயங்காலமே போய்ச் சேர வேண்டும், அதனால் வாசலிலேயே நின்று கையை நீட்டினாள். கிருபாராணி ரவிக்கையை விரித்துக் காட்டினாள். இடது கையில் ரோஜாத் தோட்டம். வலது கை தரிசு.

சௌமியா அந்த வெறும் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"யக்கா, தாலி கட்டறப்ப நான் ஒரு பக்கமா திரும்பியே உக்காந்துக்கவா?"

"அப்படி சொல்லாதம்மா. கொஞ்ச நேரத்து வேலை தான். மெஷின் ரெடியா இருக்குது. நான் மெஷின்ல நின்னா கம்ப்யூட்டர் முன்னால ஆள் இல்ல. அதான்."

"அதுக்கு எதுக்குக்கா ஆள்?"

விளக்கினார்கள். நெட்டிலிருந்து ஆரம்பித்துப் பூட்டு வரைக்கும் ஜான்பீட்டரே விளக்கினார். அவருக்கு விளக்கப் பிடிக்கும். சௌமியாவின் முகம் வெளுத்தது. அது அவளுடைய பட்டு.

"லிபியா இல்லியா?"

"பரீட்சைக்குப் போயிருக்கறா."

"மாடிக்காரம்மா?"

"மாலூர்ல பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காங்க."

"அப்ப நீங்க உக்காருங்கண்ணா."

"நான் இப்ப தான் சி ஷிப்ட் எறங்குனன். டபுள் ஷிப்ட் பாத்தா கவனம் போயிடும்மா. விபத்து எல்லாமே அப்ப தான் நடக்குது."

சௌமியா பையைக் கீழே வைத்தாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. என்னா பண்ணணும்?"

ஜான்பீட்டர் புது ஆளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "மவுஸ ஆட்டிகிட்டே இருக்கணும். நீலப் பொட்டி வந்தா, இந்த மூலைல பெருக்கல் குறி இருக்கும், உடனே அமுக்கிடணும். அதுக்குள்ள என்னா இருக்குன்னு பாக்கக் கூடாது."

"நான் எங்க கம்பெனில குவாலிட்டில இருக்கறன்ணா. பாக்காம எதையாவது தள்ளி விட்டா என்னியவே தள்ளி விட்டுடுவாங்க."

"இது வேற கம்பெனி."

பக்கத்து அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. ஊசி இறங்கி ஏறும் சத்தம் சீராக வந்தது. முதலில் காம்பு, பிறகு ஓர் இலை. சௌமியா மவுஸை ஆட்டிக்கொண்டே சுவரின் அந்தப் பக்கம் காதை வைத்திருந்தாள். ஜான்பீட்டர் இரண்டு அறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்றார். ஒரு கண் ஊசியில், ஒரு கண் திரையில்.

"மொத ரோஜா வந்துடுச்சு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் கிருபாராணி. "ரெண்டாவது பாதி இதழு."

அப்போது நீலப் பெட்டி வந்தது.

"மூடு," என்றார் ஜான்பீட்டர்.

சௌமியா மூடவில்லை. அம்புக்குறியைக் கொண்டுபோய்ப் பெருக்கல் குறியின்மேல் வைத்திருந்தாள். ஆனால் விரல் இறங்கவில்லை. கண்கள் முதல் வரியில் ஆரம்பித்து, இரண்டாவது வரிக்கு இறங்கி, உதடு லேசாக அசைய, மூன்றாவது வரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

"மூடும்மா, அதையே பாத்துகிட்டு நிக்காத," என்று ஜான்பீட்டர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மெஷின் ரோஜாவின் நடு இதழைச் சுற்றிக்கொண்டிருந்தது. கிருபாராணி மெஷினின் மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சௌமியா கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"ண்ணா, 'உங்க கம்ப்யூட்டரு ரொம்பப் பழசு, அதனால இதுக்கு அப்கிரேடு குடுக்க முடியாது, மன்னிக்கணும்'னு தான போட்டிருக்கு, மூடிடட்டுமா?"